தகட்டைத் துடைத்த துணி

செப்டம்பர் 28

அம்மாவுக்கு இந்த வாரம் கம்பெனியில் இரவு ஷிப்டு. அப்பா வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். தம்பி கிஷோர் தூங்கிவிட்டான். டார்ச்சின் வாயைத் துணியால் மூடிக்கொண்டு அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எழுதுவது தெரிந்தால் அப்பா அடிக்க மாட்டார். பயந்துபோவார். அவர் பயப்படுவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயம். டீக்கடை தனகோட்டி மாமா, பேட்டரி கம்பெனிப் புகையைப் பற்றிக் கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே கடை எரிந்துபோனது. கேஸ் கசிந்தது என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கம்பெனியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறக்கவில்லை.

இன்று காலாண்டு லீவு ஆரம்பம். காலையில் ஒரு ஜீப் வந்தது. ஹெப்சிபா என்று ஓர் அக்கா. ஊர் நாகர்கோவில், சென்னையில் ஆராய்ச்சி செய்கிறார். கம்பெனி மேல் இருக்கும் வழக்கில், ஏரியின் அடிமண்ணை எடுத்துச் சோதித்துச் சொல்லும்படி தீர்ப்பாயம் கேட்டிருக்கிறதாம். ஏரியில் படகு வைத்திருப்பது இப்போது அப்பா மட்டும்தான். மீன் செத்து மிதக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் விற்றுவிட்டார்கள். அக்காவோடு வந்த உதவியாளருக்கு வழியிலேயே காய்ச்சல். அவர் அதே ஜீப்பில் திரும்பிப் போய்விட்டார்.

"ஒரு கை குறையுதே" என்று அக்கா சொன்னதும் அப்பா என்னைக் காட்டினார்.

"எம் பொண்ணு இருக்குதும்மா. மோனிஷா. ஒம்போதாவது. எதுலயும் சுத்தம் பாக்கும்."

"மக்களே, வாரியா?" என்றார் அக்கா. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அவர்கள் ஊரில் ஒற்றை ஆளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். அம்மா சிரித்துவிட்டாள். அம்மா சிரித்து ரொம்ப நாளாகிறது.

கிஷோருக்கு இன்றும் வயிற்றுவலி. அம்மாவின் வேலைப் புடவையைக் கொடுத்தபிறகுதான் அழுகை நின்றது. கிளிப்பச்சைக் கரை போட்டது. அதன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

செப்டம்பர் 29

இன்று முதல் குழாய்.

தெளிவான பிளாஸ்டிக் குழாய். அதைப் படகிலிருந்து நேராக இறக்கி ஏரியின் அடியில் குத்தி எடுக்கிறார்கள். உள்ளே மண் தூண் மாதிரி நிற்கிறது, மேலே கொஞ்சம் ஏரித் தண்ணீர். படுக்க வைக்கவே கூடாது. படுக்க வைத்தால் வருஷங்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும் என்றார் அக்கா. கரையிலிருந்து பழைய நூலகக் கட்டடம் வரைக்கும் அப்பா அதை நிறுத்தியபடியே அணைத்துத் தூக்கி வந்தார்.

அங்கே மண்ணை வட்டம் வட்டமாக அறுக்கிற கருவி ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு சட்டம். அதன் நடுவில் மரை போட்ட கம்பி, கம்பியின் தலையில் ரப்பர் அடைப்பு. குழாயை அதன் மேல் நிறுத்திப் பிடியைச் சுற்றினால் அடைப்பு மண்ணை மேலே தள்ளும், ஊசிக்குள்ளிருந்து மருந்து வருவது போல. குழாயின் வாயில் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். உயரம் ஒரு சென்டிமீட்டர்தான். மண் எழும்பி வளையத்தை நிரப்பியதும், வளையத்துக்கும் குழாய்க்கும் இடையில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி அறுக்க வேண்டும். வடை தட்டியது போல ஒரு வட்டம் கிடைக்கும். குழாயின் சுவரில் உரசி வந்த ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் பையில் போட வேண்டும்.

ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தகட்டைச் சுத்தத் தண்ணீரில் கழுவி, காகிதத்தால் துடைத்துக் கொடுப்பது என் வேலை. பையின் மேல் எண் எழுதுவதும் நான்தான்.

ஆரம்பிக்கும் முன் அக்கா என் கையைப் பார்த்தார். "அந்தக் காப்பக் கழத்து மக்களே. இரும்பு, பித்தளை ஒண்ணும் மண்ணத் தொடப்பிடாது. தொட்டா அதுக்க பேர எழுதி வச்சிட்டுப் போயிரும். பொறவு எது மண்ணு எழுதினது, எது நாம எழுதினதுன்னு எவனுக்கும் தெரியாது."

மேலே இருந்த மண் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மணல். அதற்கும் கீழே நல்ல மஞ்சள் களிமண். "இந்த மணல் எப்படி?" என்று அக்கா கேட்டார். "பெரிய வெள்ளத்துல கரை ஒடஞ்சிச்சே, அப்ப வந்தது," என்றார் அப்பா. அந்த வெள்ளத்தில் அம்மா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினாளாம். கம்பெனி வந்தது அதற்குப் பிறகு.

"அப்போ மணலுக்கு மேல இருக்கது கம்பெனி காலம், கீழ இருக்கது அதுக்கு முந்தி," என்றார் அக்கா.

செப்டம்பர் 30

மத்தியானம் கம்பெனி சூப்பர்வைசர் ரகுபதி பைக்கில் வந்தார். அம்மா ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக் குடிக்காமல் திண்ணை மேல் வைத்துவிட்டார்.

"இன்னா ஏகாம்பரம், படகு நல்லா ஓடுதா? மண்ணு கதை சொல்லுதாமே."

"அதெல்லாம் எனக்கு இன்னா சார் தெரியும். கூப்ட்டாங்க, படகு ஓட்றேன்," என்றார் அப்பா.

"ஓட்டு, ஓட்டு. நாளிக்கே கோர்ட்டுல மூடுன்னு சொல்லிட்டா மொதல்ல யாரு வூட்டு அடுப்பு அணையும்னு யோசிச்சிக்கினே ஓட்டு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "பையனுக்கு ஒடம்பு சரியில்லியாமே. நம்ம கம்பெனி டாக்டரு பாப்பாரு. எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ எங்களப் பாத்துக்க."

அப்புறம் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். அங்கே பேசியது கேட்கவில்லை. அப்பா திரும்பி வந்து சாப்பிடவில்லை. கேட்டால் வெயில் என்றார்.

அக்டோபர் 1

இரண்டாவது குழாய்.

காலையில் அப்பா எனக்கு நாலாக மடித்த இரண்டு துணித் துண்டுகள் கொடுத்தார். "அந்தக் காயிதம் ஈரத்துல கிழியுது பாப்பா. இதுல தொட. அந்தம்மா கிட்ட ஒண்ணும் சொல்லாத, காயிதம் மிச்சமாவட்டும்." அப்பாவுக்குக்கூட இதெல்லாம் தோன்றுகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

அக்கா பிடியைச் சுற்றுவதிலும் வளையத்தைப் பிடிப்பதிலும் கண்ணாக இருப்பார். நான் பின்பக்கம் திரும்பித்தான் கழுவுவேன். அவர் கவனிக்கவில்லை. துணியில் துடைத்தால் தகடு சீக்கிரம் காய்கிறது. "உனக்க கை நல்ல வேகம் மக்களே," என்றார்.

துணியில் அம்மாவின் வாசனை வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் கிளிப்பச்சைக் கரை. வேலைப் புடவையைக் கிழித்திருக்கிறார். வேலை முடிந்தபோது என் விரல் நுனிகள் பென்சில் தூள் பட்டது போலச் சாம்பல் நிறமாக இருந்தன.

அக்டோபர் 2

மழை. வேலை இல்லை. கிராம சபைக் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். புகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ரகுபதி சார் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கிஷோர் என்னை 'அது' என்று கூப்பிட்டான். போன வருஷம் 'மோனி அக்கா' என்று முழுதாகச் சொல்வான்.

அக்டோபர் 3

மூன்றாவது குழாய் முடிந்தது. துணியால்தான் துடைத்தேன்.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கிஷோருக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். அவன் வாயைத் திறந்தபோது அக்காவின் முகம் மாறியது. அவன் உதட்டை மெதுவாக இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லுக்கு மேலே, ஈறு ஓரமாக, நீலமும் கறுப்புமாக ஒரு மெல்லிய கோடு.

"பல்லே தொலக்க மாட்டேன்றான்மா, அதான் கருத்துக் கீது," என்றாள் அம்மா.

"அக்கா, நீங்க கம்பெனில என்ன வேலை பாக்கிறீங்க?" என்று ஹெப்சிபா அக்கா அம்மாவைக் கேட்டார்.

"பேட்டரி ஒடைக்கிறது. உள்ளகீற தகட்ட எடுத்து சூளைக்குத் தள்ளணும்."

"வேலைக்குப் போட்ட துணிய அங்கயே மாத்துவீங்களா?"

"அங்க ஏதுமா எடம்? அப்டியே வந்து இவனத் தூக்கிக்குவேன். வுடமாட்டானே."

அந்தத் துணியில் ஒட்டி வரும் தூளில் ஈயம் இருக்கிறது என்றார் அக்கா. அது பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறினால் வயிறு வலிக்கும், கற்ற பேச்சு போகும். கம்பெனி ஆஸ்பத்திரி வேண்டாம், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்க்க வேண்டும். அம்மா தலையை ஆட்டினாள். சைரன் ஊதியது. வேறு புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அக்காவை வழியனுப்பும்போது, மண்ணில் தேடுவது எது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஈயம்தான் மக்களே. இந்த மண்ணுல ஆதியிலேயே ஈயம் உண்டுன்னு கம்பெனி சொல்லுது. மணலுக்கு மேல மட்டும் இருந்தா கம்பெனி சொல்லது பொய். அடிக்களிமண் வரைக்கும் ஒரே மாதிரி இருந்தா அவங்க சொல்லது நெசம்னு ஆயிரும்."

துணியைப் பற்றி இன்று எழுத மாட்டேன். கையை இதுவரை மூன்று தடவை கழுவிவிட்டேன்.

அக்டோபர் 4

அப்பா கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அந்தத் துணி எதுக்குப்பா குடுத்த?"

"தொடைக்கத்தான்."

"அதுல ஈயத் தூளு கீது. அடிமண்ணு வரைக்கும் ஒட்டிக்கும்."

"மெதுவாப் பேசு." சுற்றிலும் பார்த்தார். ஏரியில் ஒரு கொக்கு கூட இல்லை. "எனக்கு இன்னா ஆசையா? மூடிட்டா உங்கம்மா எங்க போவா? ஏரில மீனு கீதா? தம்பிக்கு வைத்தியம் பாக்கறேன்னு அவரு வாயால சொல்லிக்கீறாரு. தனகோட்டி கடை எரிஞ்சது பாத்தல்ல? நம்முளுது கூரை வூடு, பாப்பா."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"அந்தப் புடவையதாம்பா தம்பி வாயில வெச்சிக்கினு தூங்குவான். நீ கிழிச்ச முந்தானைய."

அப்பாவின் கையில் வலை ஊசி அப்படியே நின்றுவிட்டது. "வூட்டுக்குப் போ" என்றார்.

அக்டோபர் 5

நாலாவது குழாய். கடைசி.

பைக் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ரகுபதி சார் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கட்டட வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும்போது அதே இரண்டு துணிகளையும் என்னிடம் நீட்டினார். என் கண்ணைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருந்தால் மரத்தடியில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் வட்டம் அறுந்தது. அக்கா தகட்டை என்னிடம் கொடுத்தார். கழுவினேன். துணிகளைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு காகிதத்தை எடுத்தேன். ஈரத்தில் கிழிந்தது. இன்னொன்று எடுத்தேன். திரும்பியபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தார். அப்பா மெதுவாக முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு முடியும் வரைக்கும் உள்ளே பார்க்கவே இல்லை.

கறுப்பு மண், மணல், களிமண். எல்லாவற்றையும் காகிதத்தால்தான் துடைத்தேன்.

ஆனால் இரண்டும் மூன்றும் ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒன்றும் நாலும் ஒரு மாதிரி சொல்லும், இரண்டும் மூன்றும் வேறு மாதிரி சொல்லும். அப்போது எதை நம்புவார்கள்? ஒன்றையும் நம்ப மாட்டார்கள். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் இன்று செய்ததும் வீணாகிவிடும்.

அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா, எனக்கு ஒரு விஷயம், என்று ஆரம்பித்தேன். வாசலில் அப்பா இருமினார். "என்ன மக்களே?" என்றார் அக்கா. "பை தீரப் போவுது," என்றேன்.

அக்கா கை கழுவப் போனபோது செய்தேன். ஒரு வெறும் பையை எடுத்து, மடிப்பிலிருந்த துணிகளில் ஒன்றை அதில் போட்டு, மற்ற பைகளைப் போலவே காற்றை அமுக்கி வாயை மூடினேன். பையின் மேல் எழுதுவது என் வேலைதானே. 'தகடு துடைத்த துணி. குழாய் 2, குழாய் 3' என்று எழுதினேன். மண் பைகளுக்கு நடுவில் அடுக்கிப் பெட்டியை மூடினேன்.

அக்டோபர் 6

அக்கா போய்விட்டார். ஜீப் கிளம்பும்போது அந்தச் சின்ன வளையம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதன் ஓரம் உடைந்திருந்ததால் இனி உதவாதாம். கிஷோர் அதை வாயில் வைக்கப் போனான். பிடுங்கிவிட்டேன். கத்தி அழுதான்.

ஜீப் மறைந்ததும் அப்பா கையை நீட்டினார். நான் துணியைக் கொடுத்தேன்.

"ரெண்டு குடுத்தேனே."

"ஒண்ணு ஏரில வுழுந்துடுச்சிப்பா."

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நேற்று நான் ஏரிப் பக்கமே போகவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 7

பள்ளிக்கூடம். கணக்கில் எண்பத்தொன்று. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 12

ரகுபதி சார் சொன்னபடி கம்பெனி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். டாக்டர் கிஷோரின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பூச்சி இருக்கிறது என்று பூச்சி மருந்து எழுதினார். ரத்தம் பார்க்க வேண்டாமா என்று அப்பா கேட்டார். "எதுக்கு? யாரு சொன்னா?" என்றார் டாக்டர். அப்பா மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தார். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகும் வரைக்கும் மடித்தார்.

வெளியே ரகுபதி சார் கிஷோருக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். "இன்னாம்மா, நல்லாப் படிக்கிறியா?" என்று என் தலையில் கை வைத்தார். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

அக்டோபர் 15

கிஷோருக்கு இன்று கை உதறியது. இரண்டு நிமிஷம் கண் மேலே சொருகி இருந்தது. அம்மா இரும்புச் சாவியைக் கையில் திணித்தாள். இப்போது தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

அக்டோபர் 19

அப்பாவின் போன் அடித்தது. நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா பேரைப் பார்த்துவிட்டு என் முன்னால் நீட்டினார். "உனக்குத்தான்."

ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"மக்களே, பெட்டியில ஒரு பையில துணி இருந்து. எழுத்து உனக்கது. சோதிச்சுப் பாத்தேன். முழுக்க ஈயம். இந்தத் துணிய உனக்கு யாரு தந்தா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் புரியாமல் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும் தரலக்கா. நானேதான். காயிதம் கிழிஞ்சிது. அம்மா புடவை பழசு ஒண்ணு இருந்துச்சு, அத எடுத்தாந்தேன்."

"வேற யாராச்சும் சொல்லித் தந்தாங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவர் நிமிரவில்லை.

"இல்லக்கா."

அந்தப் பக்கம் அக்கா தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"செரி. ரெண்டு, மூணு குழாயைத் தள்ளி வைக்கேன். ஒண்ணும் நாலும் நிக்கும். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் சொல்லுது. மணலுக்குக் கீழ சுத்தம். ஆனா ரெண்ட ஏன் தள்ளினோம்னு அறிக்கையில எழுதணும் மக்களே. உதவிக்கு வந்த பிள்ளை தெரியாம செஞ்சிட்டுன்னு எழுதுவேன். பேரு போட மாட்டேன்."

பேர் போட வேண்டியதில்லை. உதவிக்குப் போன பிள்ளை யார் என்று ஊருக்கே தெரியும்.

"எழுதுங்கக்கா."

"தம்பிக்கு ரத்தம் பாத்தாச்சா?"

அக்கா இரண்டாவது தடவை கேட்டபோது அம்மா போனை எடுத்து, எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். அடிக்கப்போகிறார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். அவர் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

இனி பைக் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிட வேண்டும்.

அக்டோபர் 21

முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டு வந்தோம். அம்மாவால் வர முடியவில்லை. லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்கள். தெருக் குழாயடியிலேயே குளித்துப் புடவை மாற்றிக்கொண்டுதான் இப்போது வீட்டுக்குள் வருகிறாள். மீதிப் பச்சைக் கரைப் புடவையை அப்பா தோப்பில் புதைத்துவிட்டார். அது இல்லாமல் கிஷோர் இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. பஸ்ஸில்தான் தூங்கினான்.

வயதான ஒரு டாக்டரம்மா. ஈறைப் பார்த்ததுமே நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரத்தத்தில் இருப்பதை மருந்தால் எடுக்கலாம் என்றார். எலும்பில் இறங்கியது மெதுவாகத்தான் போகும். தலைக்குப் போனது என்னாகும் என்று அப்பா கேட்டார். "அதப் பாப்போம்," என்றார் டாக்டரம்மா. போன பேச்சு எல்லாம் வருமா என்று நான் கேட்டேன். அதற்கும் அதையேதான் சொன்னார்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் பெரிய வரிசை. அப்பா கிஷோரை மடியில் வைத்துக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஒரு சின்னக் குழாயை எடுத்து அதன் மேல் அவன் பெயரை எழுதினார். பிறகு டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்து அவன் முழங்கை மடிப்பில் வைக்கப் போனார்.

அப்பா அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னாப்பா? வரிசை நிக்குது பாரு."

அப்பா நர்ஸின் கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "அந்தப் பஞ்சு... அது சுத்தமானதுதானே?"